கரண்ட் பில்லும் காண்ட்ராக்டர் ஜாமீனும்
கடைக்காரர் கேள்வி கேட்க வேண்டிய இரண்டு இடங்கள்

கொள்முதலில் கிலோவுக்கு 25 காசு குறைப்பதற்காக அரை மணி நேரம் பேரம் பேசத் தயங்காதவர்கள் நாம். கடை வாடகையை உயர்த்துகிறேன் என்று கட்டட உரிமையாளர் சொன்னால் அக்கம்பக்கத்து வாடகையை விசாரித்துக்கொண்டு போய் வாதாடுகிறோம். வண்டிக் கூலி, மூட்டைக் கூலி, பாலிதீன் பை விலை என்று எதையும் கேள்வி கேட்காமல் விடுவதில்லை. ஆனால் இரண்டு செலவுகளுக்கு மட்டும் வாய் திறக்காமல் பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். ஒன்று, இரண்டு மாதத்திற்கு ஒரு முறை வரும் கரண்ட் பில். மற்றொன்று, கடை வாசலில் பள்ளம் தோண்டி மாதக்கணக்கில் மூடாமல் விட்டுவிடும்போது கல்லாவில் விழாமல் போகும் பணம்.

முதலாவது விதி, இரண்டாவது தலைவிதி என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் இவ்விரண்டுக்கும் பின்னால் எழுதப்பட்ட சட்டம் இருக்கிறது. போட்டி இல்லாமல் விற்பவர் இஷ்டப்படி விலை வைக்கக் கூடாது என்பதற்காகக் கட்டண ஒழுங்குமுறை வந்தது. பொதுப் பணத்தில் வேலை எடுப்பவர் பாதியில் ஓடிவிடக் கூடாது என்பதற்காக வேலைப் பிணை, அதாவது காண்ட்ராக்டர் வைக்கும் ஜாமீன் தொகை வந்தது. முன்னதில் நமக்கு ஓர் இருக்கை ஒதுக்கப்பட்டிருக்கிறது. நாம்தான் போய் உட்காருவதில்லை. பின்னதில் நமக்கு இருக்கையே இல்லை. கேட்டுத்தான் வாங்க வேண்டும். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதி வணிகர்கள் இந்த இரண்டையும் பிரித்து அறிந்துகொள்வது நல்லது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

தானியக் கிடங்கில் தொடங்கிய வழக்கு

கட்டண ஒழுங்குமுறையின் வரலாற்றில் முக்கியமான ஒரு வழக்கு தானிய வியாபாரத்தில்தான் எழுந்தது என்பது நம்மவர்களுக்குச் சுவையான செய்தி. அமெரிக்காவின் சிகாகோ நகரில் மேற்கு மாநிலங்களின் கோதுமையெல்லாம் வந்து இறங்கும். அதைச் சேமித்து வைக்கும் பெரிய கிடங்குகள் 14 இருந்தன. அவை ஒன்பது நிறுவனங்களின் கையில் இருந்தன. கிடங்கு வாடகையை அவர்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொண்டார்கள். விவசாயிக்கும் வியாபாரிக்கும் வேறு வழியில்லை. 1871-இல் இல்லினாய் மாநிலம் உச்சபட்ச வாடகையைச் சட்டம் போட்டு நிர்ணயித்தது. கிடங்குக்காரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1877-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பொதுமக்கள் நலன் சார்ந்த தொழிலில் இறங்கியவர் அந்த அளவுக்குப் பொதுக் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டவரே என்று தீர்ப்பளித்தது. பின்னர் 1907-இல் நியூயார்க், விஸ்கான்சின் மாநிலங்கள் எரிவாயு, மின்சாரக் கட்டணங்களைக் கவனிக்கத் தனி ஆணையங்களை ஏற்படுத்தின.

நம் ஊரிலும் மின்சாரம் முதலில் தனியார் கையில்தான் இருந்தது. சென்னை நகருக்கு விளக்கு கொடுத்த மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷனை 1947-இல் அரசு எடுத்துக்கொண்டது. 1948-ஆம் ஆண்டு மின்வழங்கல் சட்டம், தனியார் உரிமதாரர்களின் லாபத்துக்கு ஒரு வரம்பு வைத்தது. நியாயமான வருமானத்துக்கு மேல் கிடைக்காதபடி கட்டணத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்றது. 1957 ஜூலை 1-இல் தமிழ்நாடு மின்சார வாரியம் அமைந்தது. அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல், மின்சாரத்தை விற்பவரும் விலை சொல்பவரும் ஏறக்குறைய ஒருவரே என்ற நிலைதான்.

ஆணையம் வந்தது, நாம் போனோமா?

1998-இல் மத்திய அரசு மின்சார ஒழுங்குமுறை ஆணையங்கள் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி 1999 மார்ச்சில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஏற்படுத்தப்பட்டது. ஆணையத்தின் முதல் கட்டண உத்தரவு 2003 மார்ச்சில் வெளிவந்தது. அதே ஆண்டில் புதிய மின்சாரச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தின் 64-ஆவது பிரிவை நம் உறுப்பினர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். கட்டணத்தை மாற்றக் கோரும் நிறுவனம் தன் மனுவின் சுருக்கத்தைப் பொதுமக்கள் அறிய வெளியிட வேண்டும். பொதுமக்களிடமிருந்து வரும் ஆட்சேபங்களையும் யோசனைகளையும் பரிசீலித்த பிறகே ஆணையம் உத்தரவு போட வேண்டும். அதற்கு 120 நாள் கெடு. 65-ஆவது பிரிவின்படி, ஒரு பிரிவினருக்குச் சலுகை தர வேண்டும் என்று அரசு விரும்பினால் அந்தத் தொகையை அரசே முன்பணமாகச் செலுத்த வேண்டும். உத்தரவில் குறை இருந்தால் 111-ஆவது பிரிவின் கீழ் 45 நாட்களுக்குள் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

சட்டம் இப்படி இருந்தும், 2003-க்குப் பிறகு அடுத்த பெரிய கட்டண உத்தரவு 2010-இல்தான் வந்தது. இடையில் செலவு ஏறாமல் இல்லை. கணக்கு மட்டும் ஒத்திப்போடப்பட்டது. கடனுக்குச் சரக்கு வாங்கிப் பற்றுச்சீட்டைப் பிரிக்காமலே பெட்டியில் போட்டுவைப்பது போன்றதுதான் இது. மொத்தமாக ஒரு நாள் பிரிக்கும்போது நெஞ்சு வலிக்கும். 2011 நவம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், நிறுவனங்கள் உரிய காலத்தில் மனுப்போடாவிட்டால் ஆணையங்கள் தாமாகவே கணக்கை எடுக்க வேண்டும் என்று நாடு முழுவதற்கும் உத்தரவிட்டது. ஆனாலும் 2017-க்குப் பிறகு மீண்டும் ஓர் இடைவெளி விழுந்து, 2022 செப்டம்பரில் பெரிய உயர்வு வந்தது.

அந்த 2022-ஆம் ஆண்டு நடந்ததைக் கவனியுங்கள். ஜூலையில் மனு வெளியானது. ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை ஆகிய ஊர்களில் ஆணையம் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்களை நடத்தியது. செப்டம்பர் 10 முதல் புதிய கட்டணம் அமலுக்கு வந்தது. இதற்கு நடுவில், ஆணையத்தில் சட்டம் படித்த உறுப்பினர் இல்லை என்ற காரணத்தைக் காட்டித் தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையை அணுகியது. சட்ட உறுப்பினர் அவசியம் என்று 2018-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. தனி நீதிபதி, இறுதி உத்தரவு பிறப்பிக்க இடைக்காலத் தடை விதித்தார். பிறகு இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நீக்கிவிட்டது.

வழக்கு நிற்கவில்லை என்பது வேறு விஷயம். ஒரு தொழிலின் சங்கம் மனுவைப் படித்து, ஓட்டையைக் கண்டுபிடித்து, நீதிமன்றம் வரை போக முடிந்தது அல்லவா? மில்காரர்களிடம் அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். மளிகைக் கடைக்காரர் காலை ஐந்து மணிக்குப் பால் இறக்கி, இரவு பத்து மணிக்குக் கல்லாவை எண்ணுகிறவர். நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட மனுவை அவர் படிக்க இயலாது. சங்கம் என்று ஒன்று இருப்பது இதற்காகத்தான்.

இரண்டு ரூபாய் லாபத்தில் ஒரு கணக்கு

உயர்வு நம்மை எப்படித் தொடுகிறது என்பதை எண்களில் பார்ப்போம். கடைகளுக்கான தாழ்வழுத்தக் கட்டணம் ஐந்தாம் எண் கட்டணப் பிரிவில் வருகிறது. 2014 டிசம்பர் முதல் 2022 செப்டம்பர் வரை, இரண்டு மாதத்தில் 100 யூனிட்டுக்குள் எரித்தால் யூனிட்டுக்கு 5 ரூபாய். 100-ஐத் தாண்டினால் எல்லா யூனிட்டுக்கும் 8 ரூபாய் 5 காசு. அதாவது 100 யூனிட் எரித்தவருக்கு மின் கட்டணம் 500 ரூபாய். 101 யூனிட் எரித்தவருக்கு 813 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டின் விலை 313 ரூபாய்! பெட்டிக்கடை, பூக்கடை, சிறு தையல் கடை வைத்திருப்பவர்களை இத்தகைய படிநிலை எவ்வளவு பாதிக்கும் என்பதைக் கருத்துக் கேட்பில் எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் யார்? நாம்தான்.

2022 செப்டம்பரில் 8 ரூபாய் 5 காசு, 9 ரூபாய் 50 காசு ஆயிற்று. இரண்டு குளிர்பதனப் பெட்டியும் ஒரு பிரீசரும் வைத்திருக்கும் மளிகைக் கடை இரண்டு மாதத்தில் 600 யூனிட் எரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்பு 4,830 ரூபாய்; பின்பு 5,700 ரூபாய். வித்தியாசம் 870. ஆண்டுக்கு ஆறு பில், ஆக 5,220 ரூபாய். நூறு ரூபாய் விற்றால் கையில் நிற்பது இரண்டு ரூபாய் என்று கணக்கிட்டால், இந்த 5,220-ஐ ஈடுகட்ட ஆண்டுக்கு 2,61,000 ரூபாய்க்குக் கூடுதலாகச் சரக்கு விற்றாக வேண்டும். இது யூனிட் கட்டணம் மட்டுமே. அனுமதிக்கப்பட்ட மின்பளுவுக்கு, அதாவது நம் இணைப்பின் கிலோவாட் அளவுக்கு ஏற்ற நிலைக் கட்டணம் தனி. கடையைப் பூட்டி வைத்திருந்தாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

மேலும் அந்த 2022 உத்தரவு, 2023 முதல் 2026-27 வரை ஆண்டுதோறும் ஜூலையில் கட்டணம் மாறும் என்றும் வகுத்துவிட்டது. விலைவாசிக் குறியீட்டின் உயர்வு அல்லது 6 சதவீதம், இவற்றில் எது குறைவோ அந்த அளவு. அதன்படி 2023 ஜூலையில் 2.18 சதவீதம், 2024 ஜூலையில் 4.83 சதவீதம், 2025 ஜூலையில் 3.16 சதவீதம் உயர்வுக்கு ஆணையம் உத்தரவிட்டது. இவற்றில் எந்தப் பிரிவினருக்கான உயர்வை அரசு மானியமாக ஏற்கிறது என்பது ஆண்டுக்கு ஆண்டு வேறுபடுவதால், தங்கள் பிரிவின் நிலையை உறுப்பினர்கள் ஒவ்வொரு ஜூலையிலும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. இணைப்பு வாங்கும்போதும், பின்னர் கூடுதலாகக் கேட்கும்போதும் நாம் கட்டிய காப்பு வைப்புத்தொகை நம்முடைய பணம். அதற்கு வங்கி விகிதத்துக்குக் குறையாத வட்டி தர வேண்டும் என்று மின்சாரச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு சொல்கிறது. பில்லில் அந்த வட்டி வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? தவறு இருந்தால் ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் உள்ள நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தில் எழுதிக் கொடுக்கலாம். அங்கே தீராவிட்டால் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார்.

தண்ணீர்க் கணக்கு வேறு மாதிரி. 1978-இல் ஒரு தனிச் சட்டத்தால் ஏற்பட்ட சென்னைக் குடிநீர் வாரியம், கட்டடத்தின் ஆண்டு மதிப்பில் 7 சதவீதத்தைக் குடிநீர், கழிவுநீர் வரியாக வசூலிக்கிறது. கட்டணம் தனியாக உண்டு. மின்சாரத்துக்கு உள்ளதுபோல் கணக்கைப் பிரித்துப் பார்த்து, எதிர்வாதம் கேட்டு உத்தரவு போடும் தனி ஆணையம் தண்ணீருக்குத் தமிழ்நாட்டில் இல்லை. ஆகவே ஓட்டல்காரர்களும் டீக்கடைக்காரர்களும் தண்ணீர்க் கட்டணத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் வாரியத்திடமும் அரசிடமும்தான் மனுக் கொடுக்க வேண்டும்.

காண்ட்ராக்டர் வைக்கும் ஜாமீன்

இனி இரண்டாவது விஷயத்துக்கு வருவோம். சாலையோ, வடிகாலோ, பாலமோ எதுவானாலும் அரசுப் பணியை எடுப்பவர் பல கட்டங்களில் பணம் கட்டி வைக்க வேண்டும். டெண்டர் போடும்போது முன்வைப்புத் தொகை. வேலை கிடைத்து ஒப்பந்தம் எழுதும்போது பிணைத் தொகை. இதைப் பெரும்பாலும் வங்கி உத்தரவாதமாகக் கொடுப்பார்கள். ஒவ்வொரு பில்லிலும் ஒரு பகுதியைப் பிடித்து வைப்பதும் உண்டு. வேலை முடிந்த பிறகும் குறிப்பிட்ட காலம் வரை ஏற்படும் பழுதை அவரே தம் செலவில் சரிசெய்ய வேண்டும். அந்தக் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும்வரை பிடித்த பணத்தில் ஒரு பகுதி திரும்பாது.

மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு பொது நிதி விதிகள், இந்தப் பிணையை ஒப்பந்த மதிப்பில் 5 முதல் 10 சதவீதம் என்று வைத்தன. கொரோனா காலத்தில், 2020 நவம்பரில், காண்ட்ராக்டர்களின் பண நெருக்கடியைக் காரணம் காட்டி அதைத் தற்காலிகமாக 3 சதவீதமாகக் குறைத்தார்கள். தமிழ்நாட்டில் டெண்டர்களுக்கு 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப் புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டமும் 2000-ஆம் ஆண்டு விதிகளும் உள்ளன.

வங்கி உத்தரவாதத்தின் பலம் என்னவென்றால், வேலை கொடுத்தவர் கேட்டவுடன் வங்கி பணத்தைக் கொடுத்தாக வேண்டும். காண்ட்ராக்டர் பக்கம் நியாயம் இருக்கிறதா, இல்லையா என்று வங்கி விசாரிக்கக் கூடாது. மோசடி, ஈடுசெய்யவே முடியாத அநீதி ஆகிய காரணங்களுக்கன்றி நீதிமன்றமும் அதைத் தடுக்காது என்பதை 1987-இல் சிங் கன்சல்டன்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பலவீனம் எது தெரியுமா? உத்தரவாதத்துக்கு ஒரு கடைசித் தேதி உண்டு. புதுப்பிக்க மறந்தால் அது நம் மேஜையில் கிடக்கும் காலாவதியான செக்கைப் போன்றதுதான்.

மவுண்ட் ரோடு சொல்லும் பாடம்

பிணை என்பது பணத்தை மீட்கும் கருவி. காலத்தை மீட்கும் கருவி அன்று. இதற்கு அண்ணா சாலையைவிட வேறு சாட்சி வேண்டாம். மெட்ரோ ரயில் முதல் கட்டத்தில் அச்சாலையின் சுரங்கப் பணிகளை காமன் இந்தியா, ரஷ்யாவின் மாஸ்மெட்ரோஸ்ட்ராய் கூட்டு நிறுவனம் எடுத்திருந்தது. பணி தேங்கி நின்றது. 2015-இல் ஒப்பந்தம் ரத்து செய்யப்பட்டு, மிச்ச வேலை வேறு நிறுவனங்களுக்குத் தரப்பட்டது. டி.எம்.எஸ். முதல் வண்ணாரப்பேட்டை வரையிலான பாதை 2019 பிப்ரவரி 10-இல்தான் திறக்கப்பட்டது. ஒப்பந்தம் முறிந்தால் பிணை, நஷ்டஈடு, வழக்கு எல்லாம் வேலை கொடுத்தவருக்கும் எடுத்தவருக்கும் இடையில் நடக்கும். தடுப்புப் பலகைக்குப் பின்னால் இருந்த கடைக்காரர் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் அல்லர். ஆகவே பிணைத் தொகையில் ஒரு ரூபாய்கூட அவருக்கு உரியதன்று.

தி.நகரில் 2021 நவம்பர் மழையில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். தீபாவளி விற்பனை முடிந்த கையோடு கிடங்கில் இருந்த சரக்கு நனைந்தது. மாம்பலம் கால்வாயில் ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் நடந்த வேலையின் இடிபாடுகள் நீர்வழியை அடைத்துவிட்டன என்று அப்போது குற்றச்சாட்டு எழுந்தது. ஸ்மார்ட் சிட்டிப் பணிகளை விசாரிக்க ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி டேவிதாரை அரசு நியமித்தது. அடுத்த ஆண்டு நகரெங்கும் மழைநீர் வடிகால் தோண்டப்பட்டது. 2022 அக்டோபரில் ஜாபர்கான்பேட்டையில் வடிகால் பள்ளத்தில் விழுந்து இளம் பத்திரிகையாளர் ஒருவர் உயிரிழந்தார். வியாபார நஷ்டம் ஒருபுறம் இருக்கட்டும். மூடாத பள்ளம் உயிரையே வாங்கும்.

இப்போது மெட்ரோ இரண்டாம் கட்டம். 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய் மதிப்புக்கு 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இதன் பாதைகள் திருமயிலை, மந்தைவெளி, அடையாறு, பனகல் பூங்கா என்று நம் கடைத்தெருக்களின் அடியிலேயே போகின்றன. வேலை முடிந்தால் வாடிக்கையாளர் வருவார் என்பதில் ஐயமில்லை. அதுவரை வாசலில் வண்டி நிறுத்த இடமின்றி, இறக்குமதி செய்ய லாரி வர வழியின்றி, கடை தாக்குப்பிடிக்க வேண்டுமே என்பதுதான் கவலை.

ஜாமீன் சிறியதானால்

பிணைத் தொகை எவ்வளவு இருக்க வேண்டும்? விதியை மீறினால் கிடைக்கும் லாபத்தைவிடப் பிணை பெரிதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதைப் பிணை என்று சொல்ல இயலாது. மீறுவதற்குக் கட்டிய கட்டணம் என்றுதான் சொல்ல வேண்டும். தனியார் கட்டடங்களில் இதைக் கண்கூடாகப் பார்த்தோம். பெரிய கட்டடங்களுக்கு அனுமதி தரும்போது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் ஒரு காப்புத் தொகை வாங்குகிறது. வரைபடப்படி கட்டி, பணி நிறைவுச் சான்று பெற்றால் அது திரும்பக் கிடைக்கும். தி.நகர் போன்ற இடத்தில் ஒரு மாடி கூடுதலாக எழுப்பினால் வரும் வாடகைக்கு முன்னால் அந்தத் தொகை எம்மாத்திரம்?

விளைவு என்ன? 2011 அக்டோபர் 31-இல், தீபாவளி முடிந்த சில நாட்களில், ரங்கநாதன் தெரு, உஸ்மான் சாலைப் பகுதிகளில் பல கட்டடங்களுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். அவற்றுக்குள் வாடகைக்கு இருந்த சிறு கடைக்காரர்களும் வெளியே நின்றார்கள். 2012 ஜனவரியில், பொங்கல் நேரத்தில், உச்ச நீதிமன்றம் தற்காலிகமாகத் திறக்க அனுமதித்தது. வரைபடத்தை மீறியவர் ஒருவர், பூட்டுக்கு வெளியே நின்றவர் இன்னொருவர். இன்று புதுக் கட்டடங்களுக்கு மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு பெறப் பணி நிறைவுச் சான்று கேட்கப்படுகிறது. சிறிய கட்டடங்களுக்கு விலக்கு உண்டு. எனவே புதுக் கட்டடத்தில் கடை எடுப்பவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்தச் சான்றைப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். சான்று இல்லாத கட்டடத்தில் கொடுத்த அட்வான்ஸுக்கு யாரும் ஜாமீன் நிற்க மாட்டார்கள்.

சிமெண்ட் கொடுத்தவர் கதி

நம் சங்கத்தில் சிமெண்ட், ஹார்டுவேர், பெயிண்ட், மின்சாமான் வியாபாரிகளும் இருக்கிறார்கள். காண்ட்ராக்டருக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுத்து மாட்டிக்கொள்பவர்கள் இவர்கள். அமெரிக்காவில் 1935-இல் வந்த மில்லர் சட்டம், மத்திய அரசின் கட்டுமான வேலைகளுக்கு இரண்டு பிணைகளைக் கேட்கிறது. ஒன்று, வேலையை முடிப்பதற்கு. மற்றொன்று, சரக்குக் கொடுத்தவருக்கும் கூலிக்காரருக்கும் பணம் கிடைப்பதற்கு. தொண்ணூறு நாளில் பணம் வராவிட்டால் சரக்குக் கொடுத்தவர் அந்தப் பிணையின் மீது வழக்குப் போடலாம். நம் நாட்டில் வழக்கமாக முதலாவது பிணை மட்டுமே வாங்கப்படுகிறது. அது அரசைக் காக்கிறது, கடைக்காரரைக் காப்பதில்லை. 2022 ஏப்ரல் முதல் காப்பீட்டு நிறுவனங்களும் பிணைப் பத்திரம் கொடுக்க அனுமதி உண்டு. இதனால் காண்ட்ராக்டருக்கு வங்கியில் முடங்கும் பணம் குறையலாம். நமக்கு நேரடிப் பயன் இல்லை.

சிறு, குறு தொழில் சட்டம் 45 நாளில் பணம் வாங்கித் தருமே என்று சிலர் நினைக்கக்கூடும். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த விதி இருப்பது உண்மை. தாமதித்தால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டியும் உண்டு. ஆனால் 2021 ஜூலையில் மொத்த, சில்லறை வணிகர்களை உத்யம் பதிவில் சேர்த்துக்கொண்டபோது, வங்கிகளின் முன்னுரிமைக் கடன் என்ற ஒரு சலுகையை மட்டுமே நமக்குக் கொடுத்தார்கள். தாமதப் பணத்துக்கான பாதுகாப்பு உற்பத்தியாளருக்கும் சேவை செய்பவருக்கும்தான். எனவே பதிவுச் சான்றை மாட்டி வைத்துக்கொண்டு நம்பிக்கையோடு கடன் கொடுத்துவிடாதீர்கள்.

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று: அடுத்த கட்டண மனு வெளியாகும்போது சங்கம் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒரு வருடக் கரண்ட் பில்களைத் திரட்டிக் கணக்கோடு ஆட்சேபம் எழுத வேண்டும். “கட்டணம் அதிகம்” என்ற ஒற்றை வரிக்கு மதிப்பில்லை. 101-ஆவது யூனிட் கணக்கைப் போன்ற எடுத்துக்காட்டுகளுக்கு ஆணையம் பதில் எழுதியாக வேண்டும்.

இரண்டு: உறுப்பினர்கள் தத்தம் மின்பளு எவ்வளவு, உண்மையில் தேவை எவ்வளவு என்று ஓர் எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வைப்புத்தொகை ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

மூன்று: தெருவில் வேலை தொடங்கும் நாளன்றே ஒப்பந்தத் தொகை, முடிக்க வேண்டிய தேதி, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் கட்டணத்தில் மனுப்போடலாம். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும்கூட அச்சட்டம் உரிமை தருகிறது.

நான்கு: சாலை உள்வாங்கினாலோ, வடிகால் மூடி உடைந்தாலோ பொறுப்புக் காலத்துக்குள் தேதியிட்ட புகைப்படத்துடன் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். புகார் பதிவாகாவிட்டால் கெடு முடிந்ததும் பிடித்த பணம் காண்ட்ராக்டருக்குப் போய்விடும். பழுது நம் வாசலில் நிற்கும்.

ஐந்து: காண்ட்ராக்டருக்குப் பெரிய தொகைக்குச் சரக்குக் கொடுப்பவர்கள் முன்பணமோ வங்கி உத்தரவாதமோ இல்லாமல் இறங்க வேண்டாம். அரசு அவரிடம் ஜாமீன் கேட்கிறது. நாம் கேட்பதில் என்ன கூச்சம்?

ஆறு: கடைத்தெருக்களில் நடக்கும் வேலைகளுக்குத் தீபாவளி, பொங்கல் வாரங்களில் நடைபாதையைத் திறந்து வைக்க வேண்டும் என்பதையும், தவறினால் நாளுக்கு இவ்வளவு பிடித்தம் என்பதையும் டெண்டரிலேயே சேர்க்கும்படி மாநகராட்சியிடமும் மெட்ரோ நிறுவனத்திடமும் சங்கம் கோர வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு கேட்டால் கெஞ்சல். முன்பே கேட்டால் நிபந்தனை.

எடைக்கல்லில் முத்திரை இல்லாவிட்டால் நம்மிடம் அபராதம் வாங்குகிறார்கள். அதில் தவறில்லை, வாங்குகிறவரைக் காக்கும் விதி அது. மின்சாரம் வாங்கும்போது நாமும் வாங்குகிறவர்களே. நாம் கட்டும் வரியில்தான் நம் தெரு தோண்டப்படுகிறது. அந்த எடைக்கல்லிலும் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கும் உரிமை நமக்கு உண்டு. அடுத்த கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவிக்கப்படும் நாளில், ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஒரு கடைக்காரராவது பில்லோடு வந்து நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.